பெயரில் நிற்கும் வண்டி: மோட்டார் வாகன உரிமை மாற்றத்தின் இந்திய வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2009 மே 27 காலை. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தின் ஆளுகைக்குட்பட்ட ஓர் ஊரில், வயலுக்கு நடந்து சென்றுகொண்டிருந்த ஒரு பெண்ணின் மீதும் அவருடன் வந்த உறவினர் மீதும் பின்னோக்கி ஓட்டப்பட்ட கார் ஒன்று ஏறியது. பெண் காயமடைந்தார், உறவினர் அந்த இடத்திலேயே உயிரிழந்தார். இழப்பீடு கோரி மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டபோது, எளிதில் விடை கிடைத்திருக்க வேண்டிய ஒரு கேள்வி எழுந்தது: கார் யாருடையது?

பதிவுச் சான்றிதழில் பெயர் இருந்தவர், தாம் அதை 2007 ஜூலையிலேயே விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவரோ 2008 செப்டம்பரில் மூன்றாம் நபர் ஒருவருக்கு விற்றுவிட்டார். மூன்றாமவர் நான்காமவருக்கு விற்றார். நான்காமவர், தாமும் ஐந்தாமவர் ஒருவருக்கு விற்றுவிட்டதாக வாதிட்டார். இரண்டே ஆண்டுகளில் வண்டி இத்தனை கைகள் மாறியிருக்க, பதிவு அலுவலகத்தின் ஏட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

தீர்ப்பாயம், ஏட்டில் பெயர் உள்ளவரும் ஓட்டுநரும் சேர்ந்தே பொறுப்பு என்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றி, காரை வாங்கியதை ஒப்புக்கொண்டு மேற்கொண்டு விற்றதை மெய்ப்பிக்க முடியாத நான்காமவர் தலையில் பொறுப்பை வைத்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று மீண்டும் முதலாமவரிடமே அதைத் திருப்பித் தந்தது. உயிரிழப்புக்கு 3,75,000 ரூபாய், காயத்துக்கு 10,000 ரூபாய். இதை யார் தருவது என்று முடிவாக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இந்தத் தீர்ப்பு செய்தித்தாள்களில் 'வண்டியை விற்றவுடன் பெயர் மாற்றுங்கள்' என்ற அறிவுரையாகச் சுருங்கிப் போயிற்று. அதன் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு சட்டமொழி வரலாறு இருக்கிறது. 'உரிமையாளர்' என்ற ஒரு சொல்லுக்குச் சட்டம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பொருள் தந்த வரலாறு அது.

*

பதிவேடு எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டனில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம், 1904 ஜனவரி முதல் ஒவ்வொரு வண்டிக்கும் எண் வேண்டும் என்றது. இந்தியாவில் வங்காளம் 1903லும், பம்பாய் 1904லும், சென்னை 1907லும் தத்தமது மோட்டார் வாகனச் சட்டங்களை இயற்றின. 1914இல் இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. உரிமையாளர் தம் வண்டியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அது விதித்தது. குதிரை வண்டியில் வந்தவரை ஊர் அறியும். மோட்டாரில் வந்தவர் இடித்துவிட்டு அடுத்த தாலுக்காவுக்கே போய்விடுவார். எனவே எண்ணைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க ஓர் ஏடு தேவைப்பட்டது. அது அடையாள ஏடு. உரிமை ஏடு அன்று. காவல்துறை ஒரு கதவைத் தட்டுவதற்கான முகவரியைத் தருவதே அதன் வேலை.

அந்த வேலையை அது நன்றாகவே செய்யும் என்பதற்கு மும்பை சான்று. 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்புகளன்று வர்லியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு மாருதி வேனின் பதிவு விவரத்தைப் பின்தொடர்ந்தே காவல்துறை மாஹிமில் இருந்த மெமன் குடும்பத்தின் வீட்டை அடைந்தது. வேன், பதிவானவர் பெயரிலேயே இருந்தது. அது கைமாறி, பெயர் மாறாமல் இருந்திருந்தால் அந்தப் புலனாய்வின் முதல் நாள் எப்படிப் போயிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வண்டியின் உரிமையைத் தீர்மானித்தது வேறொரு சட்டம்: 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் கண்ணில் கார் ஓர் அசையும் பொருள். நெல் மூட்டை, தையல் எந்திரம், மாடு ஆகியவற்றைப் போலத்தான். விற்பவரும் வாங்குபவரும் எப்போது உரிமை மாற வேண்டும் என்று கருதினார்களோ அப்போதே மாறிவிடும். பணம் கைமாறி, சாவி கைமாறினால் விற்பனை முடிந்தது. பத்திரம் வேண்டியதில்லை, அலுவலர் முத்திரை வேண்டியதில்லை.

நிலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரம் இன்றி விற்க முடியாது. பதிவு இல்லையேல் விற்பனையே இல்லை. ஆனால் நிலத்துக்கு இன்னோர் ஏடும் உண்டு. தமிழ்நாட்டில் பட்டா, வடக்கே தாகில்-காரிஜ். இவை வருவாய்த் துறையின் ஏடுகள். நிலவரி யாரிடம் கேட்பது என்பதற்கானவை. பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்துள்ளன. வாகனப் பதிவேடு பிறப்பால் பட்டாவின் இனம், பத்திரத்தின் இனம் அன்று. யாரிடம் கேட்பது என்பதற்கான ஏடு. ஆனால் காலப்போக்கில் அது பட்டா ஒருபோதும் பெறாத ஒரு வலிமையைப் பெற்றது. அதுவும் ஒரு பாதிக்கு மட்டும். இதுதான் விந்தை.

*

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 'உரிமையாளர்' என்ற சொல்லை வரையறுத்த முறை கவனத்துக்குரியது. அதன் 2(19)ஆம் பிரிவு, வண்டியை வைத்திருப்பவர் சிறார் என்றால் அவருடைய காப்பாளர் உரிமையாளர் என்றும், தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் உள்ள வண்டி என்றால் ஒப்பந்தப்படி அதை வைத்திருப்பவர் உரிமையாளர் என்றும் கூறியது. அவ்வளவே. சாதாரணமான ஒருவர், சாதாரணமாகத் தமக்குச் சொந்தமான ஒரு வண்டி குறித்து அது எதுவும் சொல்லவில்லை. விதிவிலக்குகளை மட்டும் சொல்லி, விதியைச் சொல்லாமல் விட்ட வரையறை. சொல்லத் தேவையில்லை என்று வரைந்தவர்கள் கருதியிருக்கலாம்: உரிமையாளர் என்றால் உரிமையாளர்தானே. மேலும், சொன்ன இரு நேர்வுகளிலும் அளவுகோலாக நின்றது கைவசம், பெயர் அன்று.

அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிப்பது பற்றியது. திருத்தங்களுக்குப் பின் அது அடைந்த வடிவில் விற்றவருக்கு 14 நாள், வாங்கியவருக்கு 30 நாள் என்று காலக்கெடு வகுத்தது. அதன் சொல்லமைப்பை உற்றுநோக்கினால், உரிமை முதலில் மாறுகிறது; பின்னர் மாறியது தெரிவிக்கப்படுகிறது. தெரிவிப்பு என்பது முடிந்துபோன ஒரு செயலைப் பற்றிய செய்தி. உரிமையை மாற்றும் செயல் அதுவன்று. ஆகவே தெரிவிக்காவிட்டாலும் விற்பனை செல்லும் என்பதில் நீதிமன்றங்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

சிக்கல் காப்பீட்டின் வழியாக நுழைந்தது. 1939 சட்டத்தின் எட்டாம் அத்தியாயம், அதாவது மூன்றாம் தரப்பினருக்கான கட்டாயக் காப்பீடு, 1946 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. 1956இல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்யும் திருத்தம் வந்தது. காப்பீடு என்பது இரு தரப்புக்கிடையிலான தனிப்பட்ட ஒப்பந்தம். வண்டியை விற்றவருக்கு இனி அதில் காப்பீடு செய்யத்தக்க நலன் எதுவும் இல்லை. வாங்கியவருக்கோ நிறுவனத்துடன் ஒப்பந்தமே இல்லை. எனவே விற்ற கணமே பாலிசி காலாவதியாகிவிடுகிறது என்பது நிறுவனங்களின் வாதம். தர்க்கம் பிழையற்றதுதான். விளைவோ, சாலையில் அடிபட்டவருக்கு எவரும் இல்லை. விபத்துக்கு முதல் வாரம் ஒரு தேநீர்க் கடையில் இருவர் செய்துகொண்ட பேரத்தால், அதைப் பற்றி எதுவுமறியாத மூன்றாமவரின் குடும்பம் இழப்பீட்டை இழந்தது.

1969 திருத்தம் 103-ஏ என்ற பிரிவைச் சேர்த்து இதைச் சரிசெய்ய முயன்றது. விற்பவர் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, நிறுவனம் பதினைந்து நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் காப்பீடு வாங்குபவர் பெயருக்கு மாறியதாகவே கொள்ளப்படும் என்றது அது. விண்ணப்பிக்கவே செய்யாதவர்கள்தான் பெரும்பான்மை என்பது இதை வரைந்தவர்களுக்குத் தோன்றியிருக்காதா என்று கேட்கத் தோன்றுகிறது. 1988 சட்டத்தின் 157ஆம் பிரிவு அந்த முன்விண்ணப்பத்தை நீக்கியது: வண்டி மாறிய நாளிலிருந்தே காப்பீடும் மாறியதாகக் கொள்ளப்படும்; வாங்கியவர் பதினான்கு நாளுக்குள் ஏட்டில் மாற்றம் கோர வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கிலும்கூட, தெரிவிக்காமல் விற்றதால் மூன்றாம் தரப்பினருக்கான நிறுவனத்தின் பொறுப்பு அற்றுவிடாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது.

ஆனால் இந்தத் தானியங்கி மாற்றம் மூன்றாம் தரப்புக்கு மட்டுமே. வாங்கியவரின் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கு அது பொருந்தாது என்று 1990களின் நடுவிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. பழைய கார் வாங்குவோர் பலர் இன்றும் அறியாத ஒன்று இது. 'இன்சூரன்ஸ் மார்ச் வரைக்கும் இருக்குது' என்று தரகர் சொல்வது பாதி உண்மை. அது இருப்பது பிறருக்காக.

*

1988 சட்டத்தின் 2(30)ஆம் பிரிவுக்கு வருவோம். பழைய வரையறையின் முன்னால் ஒரு தொடர் சேர்க்கப்பட்டது: எவருடைய பெயரில் வண்டி பதிவாகி நிற்கிறதோ அவரே உரிமையாளர். ஆங்கில மூலத்தில் 'ஸ்டாண்ட்ஸ் ரெஜிஸ்டர்ட்' என்று நிகழ்கால வினை. சட்டத்தின் இந்தி வடிவத்தில் 'ஸ்வாமி' என்ற சொல்லுக்கு இதே விளக்கம். தமிழில் நிலத்தைப் பற்றிப் பேசும்போது 'பட்டா அவர் பேரில் நிற்கிறது' என்பார்கள். அந்த 'நிற்றல்' இங்கே சட்டச் சொல்லாகவே வந்துவிட்டது. விற்றல், வாங்கல் என்பன நிகழ்வுகள். அவை ஒரு கணத்தில் முடிந்துவிடும். நிற்றல் என்பது நிலை. எவரும் கலைக்கும்வரை தொடரும். 1939இன் வரையறை கைவசத்தைச் சுற்றி அமைந்தது என்றால், 1988இன் வரையறை பெயரைச் சுற்றி அமைந்தது.

தமிழின் இரு வேர்கள் இவ்விடத்தில் உதவுகின்றன. 'உடைமை' என்பது உடைத்தாயிருத்தல், கையில் இருப்பது. 'உரிமை' என்பது உரித்தாதல், தகுதியால் சேர்வது. பழைய சட்டம் உடைமையின் பக்கம் சாய்ந்தது. புதிய சட்டமோ இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றை உரிமையாளருக்கு அடையாளமாக்கியது. மக்கள் வழக்கு அதை முன்பே சரியாகப் பிடித்துவைத்திருந்தது. சட்டம் 'உரிமை மாற்றம்' என்கிறது. தெருவில் எவரும் அப்படிச் சொல்வதில்லை, 'பெயர் மாற்றம்' என்கிறார்கள். பதிவு அலுவலகத்தில் மாறுவது உண்மையில் பெயர்தான். உரிமை ஏற்கெனவே மாறிவிட்டது.

எனினும் புதிய வரையறை கைவசத்தை அறவே கைவிடவும் இல்லை. தவணைக் கொள்முதலோடு குத்தகையும் அடமான ஒப்பந்தமும், அதாவது 'ஹைபோதிகேஷன்', சேர்க்கப்பட்டு, அந்நேர்வுகளில் வண்டியை வைத்திருப்பவரே உரிமையாளர் என்றது. கடன் கொடுத்த வங்கியின் மேல் விபத்துப் பொறுப்பு விழாதிருக்கவே இது. ஒரே வாக்கியத்துக்குள் முதற்பகுதி பெயரையும் கடைப்பகுதி கைவசத்தையும் அளவுகோலாகக் கொள்கின்றன. கடன் கொடுத்தவருக்கு ஒரு விலக்கு எழுதப்பட்டது, விற்றுவிட்டவருக்கு எழுதப்படவில்லை. இது தற்செயலா, சட்டம் வரையும் மேசையருகே யார் அமர்ந்திருந்தார்கள் என்பதன் விளைவா என்பது தனியே ஆராயத்தக்கது.

2001இல், வண்டியை விற்ற ஒரு மருத்துவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஒருசேரச் சொன்னது: பணம் பெற்று வண்டியை ஒப்படைத்ததால் உரிமை மாறிவிட்டது உண்மையே, ஆயினும் ஏட்டில் பெயர் நீடித்தவரை மூன்றாம் தரப்பினருக்கு அவர் பொறுப்பாளியே. இதன் பொருள், ஒரே வண்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு உரிமையாளர்கள் உண்டு என்பதாகும். தமக்குள் ஒருவர், உலகுக்கு மற்றொருவர்.

2011இல் வந்த தீர்ப்பு இன்னும் சிக்கலான ஒரு கதையைத் தீர்த்தது. ஒரு லாரி 1993 பிப்ரவரியில் விற்கப்பட்டது. பெயர் மாறவில்லை. 1994இல் அதற்கு எடுத்த காப்பீடும், விற்றுவிட்ட பழைய உரிமையாளர் பெயரிலேயே எடுக்கப்பட்டது. ஏட்டில் யார் பெயரோ அவர் பெயரில்தான் பாலிசி கிடைக்கும் என்பதால் இது இன்றும் நடப்பதே. 1994 மே மாதம் விபத்து. காப்பீடு எடுத்தவர் உரிமையாளர் அல்லர், உரிமையாளர் காப்பீடு எடுத்தவர் அல்லர் என்று நிறுவனம் கைவிரித்தது. உச்ச நீதிமன்றம், ஏட்டில் உள்ளவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். காப்பீடும் அவர் பெயரில் உள்ளது. எனவே நிறுவனம் தர வேண்டும் என்றது. பெயர் என்ற அளவுகோல் இங்கே உயிரிழந்தோர் குடும்பங்களுக்குக் காப்பாயிற்று. விற்றவரைத் தண்டிக்கும் விதியாக மட்டும் 2(30)ஐப் பார்ப்பது ஏன் போதாது என்பதற்கு இவ்வழக்கே விடை.

2018 தீர்ப்பை எழுதிய நீதியரசர் டி.ஒய். சந்திரசூட் அந்த நோக்கத்தை வெளிப்படையாகவே முன்வைத்தார். அமர்வில் தலைமை நீதியரசர் தீபக் மிஸ்ராவும் நீதியரசர் ஏ.எம். கான்வில்கரும் இருந்தனர். பதிவாகாத விற்பனைகளின் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் துரத்திச் செல்லும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் மேல் ஏற்றக் கூடாது. சட்டம் வரையறையை மாற்றியதே அதற்காகத்தான் என்பது அதன் சாரம். தெரிவிக்கத் தவறினால் சிறு அபராதம் மட்டுமே என்ற வாதமும் ஏற்கப்படவில்லை.

2020 ஜூன் 18 தீர்ப்பு இந்த நாணயத்தின் மறுபக்கம். ராய்ப்பூரிலிருந்து தன்பாத்துக்கு அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிச் சென்ற ஒரு லாரி 2011 நவம்பரில் கவிழ்ந்தது. பதிவும் காப்பீடும் ஒருவர் பெயரில். ஆனால் 2008இலேயே அதை விற்பதாக அவர் ஒப்பந்தம் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்த நிறுவனம், வண்டி அவருடையதன்று என்று சேத இழப்பீட்டை மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் மறுத்தது: ஏட்டில் பெயர் உள்ளவர் பொறுப்புக்கு உரிமையாளர் என்றால், பயனுக்கும் உரிமையாளரே. சுமத்தும்போது ஒரு வரையறை, தரும்போது வேறொன்று என்று இருக்க முடியாது. இத்தனை தீர்ப்புகளில் தர்க்க ஒழுங்கு மிகுந்தது இதுவே எனலாம்.

*

இவ்வளவும் தெரிந்த பின்னரும் மக்கள் ஏன் பெயரை மாற்றுவதில்லை? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. பழைய வண்டிச் சந்தையின் இயங்குமுறையைப் பார்த்தால் அது போதாத விடை என்பது தெரியும்.

நடைமுறை இப்படி. விற்பவர் 29ஆம் படிவத்திலும் 30ஆம் படிவத்தின் முற்பகுதியிலும் கையெழுத்திடுகிறார். வாங்குபவரின் பெயர், நாள் ஆகிய இடங்கள் வெறுமையாகவே இருக்கும். தரகர் அந்தக் கட்டை வாங்கிவைத்துக்கொள்கிறார். வண்டி இறுதி வாடிக்கையாளரை அடையும்வரை இரண்டு மூன்று தரகர்களிடம் கைமாறலாம். ஒவ்வொரு முறையும் பெயர் மாற்றினால் ஒவ்வொரு முறையும் கட்டணம், அலைச்சல். அதைவிட முதன்மையான காரணம், ஏட்டில் உரிமையாளர் வரிசை எண் கூடிவிடும். 'ஃபர்ஸ்ட் ஓனர்' வண்டிக்கும் 'தேர்ட் ஓனர்' வண்டிக்கும் விலையில் உள்ள வேறுபாடே தரகரின் லாபம். ஆக, ஏட்டை உறையவைத்திருப்பதில் சந்தைக்கு நலன் இருக்கிறது. அந்த இடைவெளியில் நிகழ்வதற்கெல்லாம் பொறுப்பு, பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்ட முதலாமவருக்கு.

மாநில எல்லை கடந்தால் இடர்ப்பாடு இரட்டிப்பாகும். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் 35ஆவது இனம். வாகன வரியோ மாநிலப் பட்டியலில் 57ஆவது இனம். பதிவு நாடு முழுமைக்கும் பொது, வரி மாநிலத்துக்குத் தனி. எனவே டெல்லி வண்டி லக்னோவுக்குப் போக வேண்டுமானால் பழைய அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும், புதிய மாநிலத்தில் வரி கட்ட வேண்டும், பழைய மாநிலத்தில் கட்டிய ஆயுள்வரியின் மீதியைத் திரும்பப் பெற அலைய வேண்டும். 48ஆம் பிரிவு முப்பது நாளுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ளலாம் என்கிறது. 'கொள்ளப்பட்ட' ஒரு சான்றைக் காட்டி அடுத்த மாநிலத்து முகப்பில் காரியம் முடித்துவிடலாம் என்று நம்புவோர் சிலரே. வங்கிக் கடன் முடிந்தும் 35ஆம் படிவம் பெறப்படாவிட்டால் ஏட்டில் அடமானக் குறிப்பு அப்படியே நிற்கும். கடன் கொடுத்தவரின் எழுத்துவழி ஒப்புதல் இன்றிப் பெயர் மாறாது.

இவற்றுக்கிடையே அமைப்பின் உண்மையான ஓட்டை ஒன்று உண்டு. சட்டம் விற்றவரைத் தெரிவிக்கச் சொல்கிறது. அதே மாநிலத்துக்குள் என்றால் பதினான்கு நாள். வெளிமாநிலம் என்றால் நாற்பத்தைந்து. அவர் 29ஆம் படிவத்தைக் கொடுத்துத் தம் கடமையை நிறைவேற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் மாறிவிடுமா? 50(6)ஆம் பிரிவின் சொற்களைப் பார்த்தால், அறிக்கை கிடைத்ததும் பதிவு அலுவலர் மாற்றத்தைக் குறிக்கலாம் என்றுதான் இருக்கிறது. விற்றவரின் அறிக்கையும் அந்த உட்பிரிவு சுட்டும் அறிக்கைகளுள் ஒன்றே. நடைமுறையிலோ, வாங்கியவர் தம் விண்ணப்பம், பதிவுச் சான்றிதழ், காப்பீடு, கட்டணம் ஆகியவற்றுடன் வரும்வரை ஏடு அசைவதில்லை. 'குறிக்கலாம்' என்ற அந்த விருப்ப வினைக்குள் விற்றவரின் கதி ஒடுங்கிக் கிடக்கிறது. கடமை அவருக்கு உண்டு. அதைச் செய்துமுடிப்பதால் வரவேண்டிய விடுதலை மற்றொருவர் கையில் இருக்கிறது.

தவறுக்கான விலையிலும் இதே ஏற்றத்தாழ்வு. 1988இல் 50(3)ஆம் பிரிவு வகுத்தபடி, தெரிவிக்கத் தவறியவரிடம் வழக்குக்கு மாற்றாக வசூலிக்கக்கூடிய உச்சத்தொகை நூறு ரூபாய். தவறிய வாங்குபவருக்கு நூறு ரூபாயோடு முடிந்துவிடும். விற்றவருக்கு அது லட்சங்களில் வந்து நிற்கக்கூடும். வாங்கியவர் மேல் உரிமையியல் வழக்குத் தொடுத்து மீட்கலாமே என்பது சட்டப்படி சரி. அதற்கு அவர் யார், எங்கிருக்கிறார் என்று தெரிய வேண்டும். பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்திட்டவருக்கு அது எப்படித் தெரியும்?

அரசு இதை அறியாமல் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வணிகர்களுக்கு அங்கீகார முறை வந்தது. விற்பவர் அங்கீகரிக்கப்பட்ட வணிகரிடம் வண்டியை ஒப்படைத்து 29-சி படிவத்தின் வழியே மின்வழித் தகவல் தந்தால், அந்த நாள் முதல் வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். 'கருதப்படும் உரிமையாளர்' என்ற மற்றொரு வகையினம் இதனால் பிறந்திருக்கிறது. 1969இல் காப்பீட்டுக்கு முயன்ற அதே உத்தி, அரை நூற்றாண்டு கழித்துப் பதிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆயினும் அந்த வாயில் வணிகர் வழியே விற்பவருக்கு மட்டுமே திறக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கோ, அலுவலக நண்பருக்கோ, ஊரிலிருந்து வந்த தூரத்து உறவினருக்கோ நேரடியாக விற்பவர் பழைய 29ஆம் படிவத்தையே நம்பியிருக்க வேண்டும். அந்தப் படிவத்தின் தலைப்பில், அடைப்புக்குறிக்குள், சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. படிவம் இரு படிகளில் தரப்பட வேண்டும். சான்றிதழில் மாற்றம் பதிவானவுடன், பதிவு அலுவலரின் மேற்குறிப்போடு இரண்டாம் படி விற்றவரிடம் உடனே திருப்பித் தரப்பட வேண்டும் என்பது அது. வண்டி இனித் தம் பெயரில் நிற்கவில்லை என்பதற்கு விற்றவர் கையில் இருக்கக்கூடிய தாள் அதுவே. தரகரிடம் ஒரே ஒரு படியில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வருபவர்களுக்கு, திரும்பி வர வேண்டிய இன்னொன்று இருக்கிறது என்பதே தெரிவதில்லை.